கையில் கோப்போடு ஏறவும்

எடைமேடைக்காரரின் இடது முழங்கால் எட்டாவது படியில் சத்தம் போடும். ஒன்பதாவது படியில் அவர் சத்தம் போடுவார். அதற்கு மேல் படி கிடையாது என்பதால் விஷயம் அதோடு முடிந்துவிடும்.

அவர் வேலை பார்க்கும் அறை அப்படி. சரக்கு லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில், நான்கு இரும்புக் கால்களில் நிற்கும் தகரக் கூண்டு. இருபத்து மூன்று வருஷமாக அதில் உட்கார்ந்து அவர் செய்வது ஒரே வேலைதான். லாரி சரக்கோடு மேடை ஏறும், எடையைக் குறித்துக்கொள்வார். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வரும், மறுபடி குறித்துக்கொள்வார். முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் சரக்கின் எடை. சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். இதற்கு மேல் எடையைப் பற்றி உலகத்தில் தெரிந்துகொள்ள ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை.

முழங்கால் விஷயம் யார்டு மேலாளர் காதுக்குப் போனது. மேலாளர் இரக்கமுள்ள மனிதர். தோளில் கை போட்டு, "ஏற முடியற வரைக்கும் இது உங்க நாற்காலிதான்" என்றார். அந்த இரக்கத்துக்கு என்ன அர்த்தம் என்பது எடைமேடைக்காரருக்கு வீடு போய்ச் சேர்வதற்குள் விளங்கிவிட்டது.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூட்டை மாற்றிவிடலாம், அது பெரிய வேலையில்லை, ஆனால் ஆள் எண்பத்தெட்டு கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்றார். இப்போதிருக்கும் உடம்புக்குப் புது மூட்டு வைத்தால் அதுவும் சீக்கிரமே பழைய மூட்டாகிவிடுமாம். எட்டு மாதம் தள்ளி ஒரு தேதியும் கொடுத்தார். அந்தத் தேதியைத் தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வரிசை நான்கு வருஷ நீளம்.

"குறைச்சிடறேன் டாக்டர்" என்றார் எடைமேடைக்காரர்.

"குறைச்சா மட்டும் போதாது. குறைஞ்சதுன்னு மனத்தளராமைத் துறையில சான்றிதழ் வாங்கிட்டு வாங்க."

எடை குறைக்கப் போகிறவர்கள் பாதி வழியில் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள் என்று அரசாங்கம் யாரையோ வைத்துக் கண்டுபிடித்திருந்தது. அதற்காகவே ஏற்பட்டது அந்தத் துறை. பதினொரு வருஷமாக நடக்கிறது. அதன் பலகையில் 'முள் நகராவிட்டாலும் மனம் தளராதே' என்று பொன்னிற எழுத்தில் எழுதியிருந்தது.

அலுவலகம் நான்காவது மாடியில். மின்தூக்கி உண்டு, அதிகாரிகளுக்கு. பயனாளிகள் படியேறினால் அதுவே ஒரு நல்ல பழக்கம் என்று வாசலில் அறிவிப்பு. முதல் மாடித் திருப்பத்தில் 'தொடங்கிவிட்டாய்' என்று சுவரில் வரைந்திருந்தார்கள். இரண்டாவதில் 'பாதி வந்துவிட்டாய்'. மூன்றாவதில் 'திரும்பிப் பார்க்காதே'. நான்காவதில் 'வரிசையில் நிற்கவும்'.

அறையின் நடுவே ஆளுயரத்துக்கு, வட்ட முகமும் ஒற்றை முள்ளுமாக ஒரு பழைய எடைக் கருவி. அதன் தலைமேல் ஒரு தகடு: 'கையில் கோப்போடு ஏறவும்.' பக்கத்தில் மேஜை போட்டு, மூக்குக் கண்ணாடியை நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பதிவாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை அவர் போட்டு எடைமேடைக்காரர் நெடுநாள் வரை பார்க்கவில்லை.

புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து, விண்ணப்பத்தை அதில் கோத்து, அவர் கையில் கொடுத்தார் அந்த அம்மா. ஏறச் சொன்னார். முள் தொண்ணூற்று ஒன்பதில் நின்றது. அறையிலிருந்த நாற்பது பயனாளிகளும் மூன்று முறை கை தட்டினார்கள்.

"எதுக்குக் கை தட்டறாங்க?"

"எல்லாருக்கும் தட்டுவோம் சார். ஏறினாலும் மூணு, இறங்கினாலும் மூணு, நின்னாலும் மூணு. பாகுபாடு காட்டினா மனசு தளர்ந்துடும்."

கோப்பை அவரே வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும், பொறுப்புணர்ச்சி வளர்வதற்காக. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கொண்டுவர வேண்டும். கோப்பில்லாமல் வந்தால் வராததாகக் கணக்கு.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, துறை கொடுத்த வண்ணத்தாளைப் புரட்டிப் பார்த்தாள். 'உன்னுள் இருக்கும் மெலிந்தவனைக் கண்டுபிடி' என்று அதில் இருந்தது. மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்குக் கீழே வைத்தாள்.

அவள் வழி வேறு. அவள் தையல்காரி. எந்தப் பெரிய துணியையும் ஒரு சாண் ஒரு சாணாகத்தான் தைத்து முடிக்க முடியும் என்று தெரிந்தவள். நாலு மணி டீயோடு அவர் சாப்பிடும் இரண்டு பன்னில் ஒன்றை நிறுத்தச் சொன்னாள். பத்து நாள் கழித்து மற்றதையும் நிறுத்தினாள். சாப்பாட்டுத் தட்டைச் சின்னதாக மாற்றினாள். காலையில் தெருமுனைப் பூங்கா வரை போய்வர வேண்டும், கால் வலித்தால் பாதியிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம், ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டாமல் இருக்கக் கூடாது.

"எட்டு மாசமும் இப்படியே நடக்கணுமா?" என்று கேட்டார்.

"யாருங்க எட்டு மாசம் கேட்டது? இன்னிக்கு வாங்க. நாளைக்கு நாளைக்குப் பார்த்துக்கலாம்."

மறுநாளும் அதையே சொன்னாள்.

இரண்டாவது செவ்வாய் முள் தொண்ணூற்று ஒன்பதில் நின்றது. மூன்று தட்டு. பதிவாளர் அம்மா இழுப்பறையிலிருந்து ஒரு கட்டை எடுத்தார். 'எடை குறையாமைக்கான விளக்கப் படிவம்', இருபத்து நாலு தாள். மூன்று பிரதி. மூன்றையும் நிரப்பி, ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்பதால், மூன்றையும் அதே கோப்பில் கோத்துக்கொள்ள வேண்டும்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். ஏழாவது கேள்வி: 'எடை குறையாததைப் பற்றி எப்போதிலிருந்து மகிழ்ச்சியாக உணரத் தொடங்கினீர்கள்?' பன்னிரண்டாவது: 'இந்தப் படிவத்தை நிரப்புவதால் உங்கள் ஊக்கம் கூடியதா, மிகவும் கூடியதா?' அவர் யோசித்து, 'கூடியது' என்று எழுதினார். மிகவும் என்று போட்டால் அதற்குத் தனியாக ஒரு இணைப்பு இருந்தது.

மூன்றாவது செவ்வாய், தொண்ணூற்று ஒன்பது. நான்காவது செவ்வாய், தொண்ணூற்று ஒன்பது. வாரா வாரம் விளக்கப் படிவம் மூன்று பிரதி. அதோடு துறை வெளியிடும் 'ஊக்க ஏடு' இருபத்தெட்டுத் தாள். எல்லாம் கோப்புக்குள். இரண்டு மாதத்தில் கோப்புக்குக் கழுத்து மறைந்து, தொந்தி விழுந்துவிட்டது. கயிறு போதாமல் மனைவி தையல் நாடாவால் கட்டிக் கொடுத்தாள். வீட்டில் அதற்கென்று ஓர் இடம் தேவைப்பட்டது. நனையக் கூடாது, மடங்கக் கூடாது என்பதால் கூடத்து நாற்காலியில் வைத்தார்கள்.

"உங்க அம்மா இருந்தவரைக்கும் இந்த நாற்காலியில எனக்கு இடம் கிடைக்கலை. இப்ப இது வந்து உட்கார்ந்துடுச்சு" என்றாள் மனைவி.

ஒவ்வொரு செவ்வாயும் அவர் வந்ததும் அவள் தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல் ஒரே வார்த்தை கேட்பாள். "எத்தனை?"

"தொண்ணூத்தொம்பது."

அவள் அவருடைய சட்டையை வாங்கி, பொத்தானை அரை அங்குலம் தள்ளித் தைப்பாள்.

மூன்றாவது மாதம் எடைமேடைக்காரருக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பன்னை மறந்தாயிற்று. பெஞ்சில் உட்காராமலே பூங்காவை ஒரு சுற்று வர முடிகிறது. பெல்ட்டில் ஆணியால் இரண்டு புது ஓட்டை போட்டாயிற்று. முள் மட்டும் கல்லில் செதுக்கினாற்போல நிற்கிறது. அன்று காலை செருப்பை மாட்டவில்லை. கட்டிலிலேயே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"இந்த உடம்பு என்னை ஏமாத்துது" என்றார்.

"உடம்பு ஏமாத்தினா சட்டையுமா ஏமாத்தும்?" என்றாள் மனைவி. "போன மாசத்துக்கு இந்த மாசம் தோள்ல ஒரு அங்குலம் பிடிச்சிருக்கேன். என் டேப்பு பொய் சொல்லாது. எந்திரிங்க. பெஞ்சு வரைக்கும் போயிட்டுத் திரும்பிடலாம்."

பெஞ்சு வரை போனார்கள். திரும்பினார்கள்.

துறையில் அந்த வாரம் இயக்குநரின் உரை. மாதம் ஒரு முறை அவர் மின்தூக்கியில் ஏறி வந்து பேசுவார். சக்கர நாற்காலியில், அதாவது அலுவலகத்து உருளும் நாற்காலியில், உட்கார்ந்தபடியே மேடைக்கு உருட்டி வரப்படுவார். எழுந்து நிற்பதை யாரும் பார்த்ததில்லை.

"பயனாளிகளே! இந்தப் பதினொரு வருஷத்தில் ஒரே ஒரு பயனாளிகூட மனம் தளர்ந்து விலகியதில்லை. எப்படி? இங்கே விலகல் படிவமே கிடையாது. சிலர் கேட்கிறார்கள், எத்தனை பேருக்கு எடை குறைந்தது என்று. நான் சொல்கிறேன், அது மிகவும் குறுகிய கேள்வி. எடை குறைந்தவனுக்கு ஊக்கம் எதற்கு? அவன் போய்விடுவான். குறையாதவன்தான் திரும்பத் திரும்ப வருகிறான். அவன்தான் இந்தத் துறையின் தூண். உங்களில் பலர் முதல் நாளிலிருந்து இந்த அறையில் இருக்கிறீர்கள். இதைவிடப் பெரிய வெற்றி ஒரு துறைக்கு வேறென்ன வேண்டும்?"

மூன்று தட்டு.

நாலாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, யார்டில் ஒரு லாரி ஓட்டுநர் சண்டைக்கு வந்தார். சீட்டில் எடை குறைவாக இருக்கிறது, சரக்குக்காரன் தன்னைத் திருடன் என்பான் என்று கீழே நின்று கத்தினார். எடைமேடைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இருபத்து மூன்று வருஷமாகச் சொல்கிற பதிலைச் சொன்னார்.

"வண்டியைக் கழிக்க வேண்டாமாப்பா? வண்டியோட சேர்த்தா சரக்கை எடை போடுவாங்க?"

சொல்லி முடித்ததும் தலையை உள்ளே இழுக்க மறந்துவிட்டார். ஓட்டுநர் சமாதானமாகிப் போய், அடுத்த லாரி வந்து மேடையேறி ஹாரன் அடிக்கும்வரை அப்படியே நின்றார்.

சாயங்காலம் கோப்பைத் தூக்கிக்கொண்டு பழைய பேப்பர் கடைக்குப் போனார். மூட்டைகளை நிறுக்கும் தராசு அங்கே இருந்தது. தான் மட்டும் ஏறினார். தொண்ணூற்றொன்று. இறங்கிக் கோப்பை வைத்தார். எட்டு. கோப்பை அணைத்துக்கொண்டு ஏறினார். தொண்ணூற்று ஒன்பது.

பழைய பேப்பர்காரர் கோப்பைத் திறந்து ஒரு தாளை விரலால் சுண்டிப் பார்த்தார். "ஒரு பக்கம்தான் எழுதியிருக்கு. நல்ல தாள் சார். போடறீங்களா?"

போட முடியாது என்று சொல்லிவிட்டு, எடைமேடைக்காரர் வீட்டுக்கு ஓடினார். ஓடினார் என்றால் அவர் முழங்காலுக்கு முடிந்த அளவு. மனைவியும் அவரும் அன்று வாசற்படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் கதவைத் திறந்து பார்த்தார்கள். எட்டு கிலோ குறைந்திருக்கிறது. ஒவ்வொரு சாணாகக் குறைந்திருக்கிறது. இன்னும் மூன்று போனால் மூட்டு கைக்கு வந்தாயிற்று.

செவ்வாய்க்கிழமை பதிவாளர் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா வியப்படையவில்லை.

"தெரியும் சார். பதினோரு வருஷமா தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவர் விளக்கினார். துறை தொடங்கிய புதிதில் ஒரு பயனாளி, சான்றிதழ் வாங்குவதற்காகத் தனக்குப் பதில் ஒல்லியான தம்பியை அனுப்பிவிட்டாராம். முகஜாடை ஒன்றாக இருந்ததால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அன்று போட்ட விதி இது. ஆளுக்கு அடையாளம் கோப்பு. கோப்பு கையில் இருந்தால்தான் அவர் அவர்.

"மேஜை மேல வெச்சுட்டு ஏறினா?"

"மேஜை மேல இருக்கறது மேஜையோட கோப்பு. உங்களுது கிடையாது."

"சரிம்மா. கோப்பை மட்டும் ஒரு தடவை நிறுத்து, அதைக் கழிச்சுக்கலாமில்ல? லாரிக்கு அப்படித்தான் செய்வோம்."

பதிவாளர் அம்மா முதல் முறையாகக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பரிதாபம் இருந்தது. "கோரிக்கையை எழுதிக் கொடுங்க சார். ஆனா ஒண்ணு சொல்றேன். எழுதாம இருந்தா உங்களுக்கு நல்லது."

எழுதினார். கோரிக்கை இரண்டு தாள். அதற்கு ஒப்புகை, கோரிக்கைப் பதிவுப் படிவம், எடைக் கருவியைப் பற்றித் தவறான எண்ணம் தனக்கு இல்லை என்று உறுதிமொழி, கோரிக்கை வைத்ததால் ஊக்கம் குறையவில்லை என்று இன்னோர் உறுதிமொழி, முந்தைய பதினாறு வாரப் பதிவுகளின் நகல், எல்லாம் மூன்று பிரதி. எல்லாம் கோப்புக்குள். அடுத்த செவ்வாய் அவர் ஏறியபோது, நான்கு மாதமாக அசையாத முள் முதல் முறையாக அசைந்தது. நூறைத் தொட்டது.

மூன்று தட்டு.

விசாரணைக்கு இயக்குநர் கூப்பிட்டார். அவருடைய மேஜையில் காகிதமே இல்லை; எல்லாம் பயனாளிகளின் கையில் இருந்ததால் அந்த அறை காற்றோட்டமாக இருந்தது. எடைமேடைக்காரர் கோப்பை இரண்டு கைகளாலும் தூங்கும் குழந்தையைப் போலத் தாங்கிக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லவில்லை. நிற்பதும் ஒரு நல்ல பழக்கம்.

"உங்க கோரிக்கையைப் படிச்சேன்" என்றார் இயக்குநர். "ரொம்ப வருத்தமா இருந்துச்சு. கோப்போட எடையைக் கழிக்கணும்ங்கறீங்க. அதுல என்ன இருக்கு? நீங்க பட்ட கஷ்டம், நீங்க எழுதின விளக்கம், உங்க முயற்சி. அதையெல்லாம் கழிச்சுட்டா அப்புறம் நீங்க யாரு? வெறும் ஆள்."

"அந்த வெறும் ஆளுக்குத்தான் சார் மூட்டு மாத்தணும்."

இயக்குநர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "ஆனாலும் நாங்க மறுக்கறவங்க இல்லை. கோப்பைத் தனியா நிறுக்கலாம். விதியில இடம் இருக்கு. அதுக்கு, கோப்போட பேர்ல ஒரு கோப்பு திறக்கணும். நிறுக்கும்போது அந்தக் கோப்பு இந்தக் கோப்பு மேல இருக்கணும். அப்புறம் அதோட எடையைக் கழிக்கணும்னா..."

"வேண்டாம் சார்" என்றார் எடைமேடைக்காரர்.

"பாருங்க, நீங்களே புரிஞ்சுக்கிட்டீங்க. இதுதான் ஊக்கம்."

கோரிக்கையைத் திரும்பப் பெறுவதற்கான படிவம் ஒன்பது தாள்.

அதற்குப் பிறகு அவர் துறையில் வாயைத் திறக்கவில்லை. காலையில் பூங்கா. நாலு மணிக்கு வெறும் டீ. சின்னத் தட்டு. செவ்வாய்க்கிழமை நான்கு மாடி. கோப்பு இப்போது இரண்டு பாகமாகிவிட்டது. தோளில் மாட்ட மனைவி கனத்த துணியில் பை தைத்திருந்தாள், ஆனால் தோளில் இருந்தால் அது தோளின் கோப்பு என்பதால் கருவியில் ஏறும்போது கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பூங்காவில் நடந்து முழங்காலுக்குக் கிடைத்த சுகத்தையெல்லாம் துறையின் படிகள் திருப்பி வாங்கிக்கொண்டன. யார்டில் எட்டாவது படியில் வந்த சத்தம் ஆறாவது படிக்கு இறங்கியிருந்தது. மேலாளர் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், இரக்கத்தோடு.

தேதி வந்தது. பழைய பேப்பர் கடைத் தராசுப்படி எண்பத்திரண்டு. கோப்பு பதினெட்டு.

எலும்பு டாக்டர் கதவைத் திறந்து, அவரைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். "நோயாளி எங்கே?"

"நான்தான் டாக்டர்."

டாக்டர் பழைய படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. சான்றிதழைப் பிரித்தார். 'பயனாளியின் எடை: நூறு கிலோ. ஊக்கம்: சிறப்பு.' முகம் மறுபடி மூடிக்கொண்டது.

எடைமேடைக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். லாரியைச் சொன்னார், கழித்தலைச் சொன்னார், பழைய பேப்பர்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றார். இங்கேயே ஒரு முறை நிறுத்துப் பார்த்துவிடுங்களேன் என்று கெஞ்சினார்.

"இங்க மெஷின் இருந்துச்சு" என்றார் டாக்டர். அறை மூலையைக் காட்டினார். தரையில் ஒரு சதுரத் தழும்பு தெரிந்தது. "துறை வந்தப்ப எடுத்துட்டுப் போயிட்டாங்க. எடை அவங்க விஷயம், எலும்பு என் விஷயம். எனக்குக் கண்ணு தெரியுது. ஆனா காகிதத்துல நூறுன்னு இருக்கற ஆளை நான் மேஜையில படுக்க வெச்சா, என்னைப் பத்தி ஒரு கோப்பு திறப்பாங்க." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "கோப்பு பதினெட்டுன்னா, நீங்க எழுபதுக்கு வந்துட்டா எண்பத்தெட்டு காட்டுமே. முடியுமா?"

அந்தக் கேள்வியை அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் எடைமேடைக்காரருக்குத் தாங்கவில்லை.

வீட்டில் மனைவி கேட்டுவிட்டு வெகுநேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

"கல்யாணத்தப்ப நீங்க எழுபது" என்றாள். "பையன் காத்துல பறந்துடுவானோன்னு எங்கப்பா யோசிச்சார்."

அடுத்த வாரம் துறையின் ஆண்டு விழா. எடைமேடைக்காரருக்கு ஆண்டின் சிறந்த பயனாளி விருது. எட்டு மாதத்தில் ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை. எடை ஒரு கிலோ கூடியும் மனம் தளரவில்லை. அவருக்கு நிகராக எவருமில்லை என்று இயக்குநர் நாற்காலியிலிருந்து அறிவித்தார். ஏற்புரை ஆற்றச் சொன்னார்கள்.

மேடையிலிருந்து பார்த்தார். நாற்பது பேர், நாற்பது கோப்புகள். சிலருடையது மடியைத் தாண்டி மார்புவரை உயர்ந்து, முகம் மட்டும் மேலே தெரிந்தது. முன்வரிசையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். அன்றுதான் திறந்த மெல்லிய கோப்பை விசிறிபோல் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் எடைமேடைக்காரருக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. இழக்க இனி என்ன இருக்கிறது?

எல்லாவற்றையும் சொன்னார். மேடைப் பேச்சு அவருக்குப் பழக்கமில்லை. யார்டில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"உங்களுக்கெல்லாம் குறைஞ்சிருக்குங்க. நீங்க யாரும் தோத்துப்போகலை. கையில இருக்கறதுதான் ஏறுது, நீங்க இல்லை. வீட்டுக்குப் போய் ஒரு பழைய பேப்பர் கடையில நிறுத்துப் பாருங்க. நடக்கறதை விட்டுடாதீங்க. வண்டியைக் கழிங்க. அவ்வளவுதான்."

பின்வரிசையில் ஒருவர் தம்முடைய கோப்பைக் குனிந்து பார்த்தார். இன்னொருவர் அதைக் கையில் தூக்கி, லேசாக மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். புதுப் பெண் விசிறுவதை நிறுத்தியிருந்தாள்.

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் உண்மையாகவே நெகிழ்ந்திருந்தார். "இப்படி ஒரு உரையை இந்த மேடை கேட்டதில்லை. 'நீங்க யாரும் தோத்துப்போகலை.' என்ன வார்த்தை! இதை அப்படியே அச்சடிக்கணும். என்னோட முன்னுரையோட, இருபது தாள். மூணு பிரதி. ஒவ்வொரு பயனாளியோட கோப்பிலேயும் சேர்க்கணும். இன்னிக்கே."

மூன்று தட்டு. பின்வரிசைக்காரரும் தட்டினார், கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

அடுத்த செவ்வாய் நாற்பது பேருக்கும் முள் ஒரு நூலளவு ஏறியிருந்தது. எல்லாருக்கும் 'திடீர் ஏற்றத்துக்கான விளக்கப் படிவம்' கொடுத்தார் பதிவாளர் அம்மா. காரணம் என்ற இடத்தில் எல்லாரும் 'எடைமேடைக்காரரின் உரை' என்றே எழுதினார்கள். சிலர் எழுதிவிட்டு நிமிர்ந்து எடைமேடைக்காரரைப் பார்த்தார்கள். புதுப் பெண் தன்னுடைய கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரைக் கடந்து போனாள். அது இப்போது விசிறிக்கொள்ள முடியாதபடி கனத்திருந்தது.

அவர் வீட்டுக்கு வந்து கோப்பை நாற்காலியில் இறக்கினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனை?"

அவர் சொல்லவில்லை. மனைவி தலை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வந்து, தோளில் டேப்பை வைத்து அளந்தாள். இன்னும் கால் அங்குலம் குறைந்திருந்தது. சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. பொத்தானைத் தள்ளித் தைக்க அதில் இனித் துணி இல்லை.

"செருப்பை மாட்டுங்க" என்றாள். "பெஞ்சு வரைக்கும் போயிட்டுத் திரும்பிடலாம்."

வாசலுக்கு மூன்று படி. இரண்டாவது படியில் முழங்கால் சத்தம் போட்டது.